முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்கள்

எங்கள் ஊரில் வழி கேட்டால் யாரும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். நீங்களும் இந்த எரேதியா மாகாணத்துக்காரர்தானே, அரசு வக்கீலம்மா, உங்களுக்குத் தெரியாததா. கேட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதை இல்லை. அதனால் கையை நீட்டி, "சர்ச்சிலிருந்து இருநூறு மீட்டர் தெற்கே, அப்புறம் கேட்டுக்குங்க" என்று எதையாவது சொல்லி அனுப்பி வைப்போம். என் அப்பா அப்படித்தான் சொல்வார். நானும் அப்படித்தான். தப்பான வழியில் போனவர் யாரும் திரும்பி வந்து எங்கள் சட்டையைப் பிடித்ததில்லை. அடுத்த முனையில் வேறு யாரையாவது கேட்டுக்கொள்வார்.

என் பெயர் வில்பெர்த் ஆர்கெதாஸ். வயது நாற்பத்தொன்பது. மற்ற நிறுவனங்கள் தாங்களே செய்ய விரும்பாத வேலையை எடுத்து, கம்ப்யூட்டரிலும் தொலைபேசியிலும் அவர்களுக்காகச் செய்து கொடுப்பது என் தொழில். ஒரு பல் டாக்டரின் மாடியில் பதினோரு பேரோடு தொடங்கினேன். போன வருஷம் நூற்று நாற்பது பேர் இருந்தோம். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஓர் ஆம்புலன்ஸ் நிறுவனம். சந்தா கட்டிய குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால், மணி எங்கள் அறையில்தான் அடிக்கும். எங்கள் ஆபரேட்டர் இடத்தைக் கேட்டு, கம்ப்யூட்டரில் குறித்து, பக்கத்து நிலையத்திலிருந்து வண்டியை அனுப்புவார். வண்டிகள் அவர்களுடையவை. அது எங்கே போக வேண்டும் என்று சொல்வது எங்கள் பொறுப்பு.

அதில்தான் சிக்கல். இங்கே தெருவுக்குப் பெயர் கிடையாது, வீட்டுக்கு எண் கிடையாது. "பழைய மரமில்லிலிருந்து முந்நூறு வடக்கே, ஐம்பது மேற்கே, பச்சைக் கேட்" என்பார்கள். மரமில் இருபது வருஷத்துக்கு முன்பே எரிந்து போயிருக்கும். இருந்தாலும் முகவரி அதுதான். சந்தாப் படிவத்திலும் அதுதான், மின்சார ரசீதிலும் அதுதான். கைப்பேசி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவிகள் எங்கள் மலைச் சரிவுகளில் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிக் காட்டும். எங்களைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் வீட்டுத் தொலைபேசியை விடாத வயதானவர்கள்.

இந்த இடத்தில் டோன்யா ஒதிலியா செலெதோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் மூன்று வாரமாகக் காவலில் வைத்திருக்கும் அதே பெண்மணி. வயதில் மூத்தவர் என்று நான் கூட மரியாதைக்கு டோன்யா போட்டுத்தான் கூப்பிடுவேன். பழைய தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்தவர். நான் தொடங்கிய பதினோரு பேரில் ஒருவர். இந்த மாகாணத்தில் இடிந்தது, எரிந்தது, மூடியது, வெட்டியது எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஆபரேட்டர்கள் தடுமாறினால் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குரல் கொடுப்பார்கள்.

"டோன்யா ஒதிலியா, பார்வாவுல 'கெட்ட நாய் இருந்த வீடு'ங்கிறாங்க," என்று யொர்லெனி கேட்பாள். அவள்தான் எங்கள் மூத்த ஆபரேட்டர்.

"அந்த நாய் செத்து ஒம்பது வருஷம் ஆச்சு. கல்லறைக்குப் பின்னாடி ரெண்டாவது வளைவு, இப்ப அங்க டயர்க் கடை. அனுப்பும்மா."

"நாயையும் ஞாபகம் வச்சிருக்கீங்களே."

"என் பாவாடையக் கிழிச்ச நாய். எப்படி மறக்கும்."

பத்து விநாடி கூட ஆகாது. வண்டி கிளம்பிவிடும். எங்கள் அறையில் இப்படி இல்லாமல் போன இடங்களுக்குச் செத்தவர்கள் பட்டியல் என்று பெயர் வைத்திருந்தோம். பட்டியல் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர்தான் பட்டியல்.

சென்ற வருஷம் ஆகஸ்டில் அந்த ஆம்புலன்ஸ் நிறுவனத்தைப் பனாமாவிலிருந்து வந்த ஒரு குழுமம் வாங்கியது. ஐந்து நாடுகளில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்கள். எங்களை விலக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். மாறாக, ஐந்து நாட்டு வேலையையும் எங்களுக்கே தர யோசிப்பதாகச் சொன்னார்கள். புலி வாலைப் பிடித்த கதைதான். பிடித்தால் ஓட வேண்டும், விட்டால் தின்றுவிடும். கிடைத்தால் நானூறு பேர் ஆவோம். கிடைக்காவிட்டால் ஜனவரியில் கதவை மூட வேண்டும், ஏனென்றால் இருந்த ஒப்பந்தமும் அவர்களுடையதுதான்.

அவர்கள் சார்பில் வந்தவர் சமானியெகோ என்ற இன்ஜினியர். மரியாதையான மனிதர், சட்டையை இன் பண்ணி, பேனாவை மூடியோடு வைத்திருப்பவர். மூன்று நிபந்தனைகள் வைத்தார். அழைப்புகளை எடுக்கும் வேலை டிசம்பர் ஆறாம் தேதி முதல் குவாத்தமாலா நகரத்துக்குப் போக வேண்டும், ஐந்து நாட்டுக்கும் அங்கே எங்கள் பொறுப்பில் ஒரே அறை; சந்தா, கணக்கு, மற்ற வேலையெல்லாம் இங்கே எங்கள் ஆட்களுக்கு. இரண்டாவது, எந்த வேலையும் ஒரே ஒருவர் தலையை நம்பி இருக்கக் கூடாது, எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், நூற்றுக்கு நூறு. மூன்றாவது, மாற்றிய பிறகு தொண்ணூறு நாள் சோதனைக் காலம். அந்த நாட்களில், நாங்கள் ஏற்கெனவே கொடுத்த தகவலில் ஐம்பது திருத்தத்துக்கு மேல் வந்தால் ஒப்பந்தம் கிடையாது.

டோன்யா ஒதிலியா வேலை செய்வதை அவர் அரை மணி நேரம் நின்று பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இந்தம்மா நாளைக்கு பஸ்ல அடிபட்டா என்ன செய்வீங்க?"

டோன்யா ஒதிலியாவுக்குக் காது கூர்மை. திரும்பாமலேயே சொன்னார். "இங்க பஸ் ஓட்டுறவன் எல்லாம் எனக்குத் தெரிஞ்ச பசங்க, ஐயா. அடிக்க மாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சமானியெகோவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

பத்து வாரம் இருந்தது. டோன்யா ஒதிலியா தன் தலையில் இருப்பதைச் சொல்லிச் சொல்லிக் கம்ப்யூட்டர்க் கட்டங்களில் ஏற்ற, குவாத்தமாலாவில் வெண்டி என்ற பெண் திரையில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"மாமரத்துலேருந்து நூறு மீட்டர்னு இருக்கு. அந்த மாமரம் எங்க?" என்று வெண்டி கேட்டாள்.

"மரம் இல்ல, மகளே. வெட்டிட்டாங்க."

"அப்ப எதுலேருந்து நூறு மீட்டர்?"

"மரம் இருந்த இடத்துலேருந்து."

"சரி. நூறு மீட்டர்தானா?"

"எண்பதும் இருக்கும், நூத்தி முப்பதும் இருக்கும். ஒரு தெருன்னு வச்சுக்க."

வெண்டி பாவம், அதையும் எழுதிக்கொண்டாள்.

மொத்தம் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது இடப் பெயர்கள் தேறின. சந்தாப் படிவங்களை எல்லாம் அலசி எடுத்த கணக்கு. தினமும் நாற்பது முடிந்தது. பிறகு முப்பது. நவம்பர் நடுவில் ஐந்து, ஆறு என்று இறங்கியது. காரணம் கேட்டேன். கண்ணால் பார்க்காமல் எதையும் எழுதமாட்டேன் என்றார். சில இடங்கள் அவருக்குச் செவிவழிச் செய்திதான். அதனால் சனிக்கிழமை தோறும் சாப்பாட்டை இலையில் கட்டிக்கொண்டு, குடை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் நேர்மையைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயந்து போயிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. மூன்று மணிக்கு எல்லோரும் காப்பிக்கு எழுந்து போகும்போது கண்ணாடி வழியாக அவர்களைப் பார்ப்பேன். யொர்லெனிக்கு ஏழாவது மாதம். அவளுக்குப் பின்னால் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனுக்கு அம்மா மட்டும். இவர்களிடம் ஜனவரியில் என்ன சொல்வது என்று என் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். அந்த வேதனையை நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள், அரசு வேலையில் அது கிடையாது. குத்திக் காட்டுவதாக நினைக்க வேண்டாம்.

நவம்பர் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, டோன்யா ஒதிலியா என் அறைக்கு வந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர் மீதி இருந்தது. எண்பத்தாறு சதவீதம் முடிந்திருந்தது.

"டோன் வில்பெர்த், பிப்ரவரி வரைக்கும் விடுங்க. சம்பளம் வேணாம். பஸ் காசு கூட வேணாம்."

"பார்க்கலாம், டோன்யா ஒதிலியா. ஏதாவது பண்ணுவோம்," என்றேன். முடியாது என்பது எனக்குத் தெரியும். முடியாது என்று ஒரு வயதான பெண்மணியின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை.

அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். கதவருகே நின்றுவிட்டார். "அப்படி முடியலேன்னா அதையெல்லாம் காலியாவே விடுங்க. காலியா இருந்தா அந்தப் பொண்ணு, பக்கத்துல வேற என்ன இருக்குன்னு கேப்பா. கேட்டா வழி கிடைச்சிரும். தப்பா ஒண்ணு எழுதியிருந்தா கேக்கவே மாட்டா. நம்பி அனுப்பிடுவா."

இதை அவர் சொன்னார், நான் கேட்டேன். யோசித்தும் பார்த்தேன். அதனால் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் இங்கே வாதாடப் போவதில்லை.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் நாடே கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தது, தெருவில் ஓர் ஆள் இல்லை. நான் அலுவலகத்துக்குப் போனேன். நிர்வாகி என்ற முறையில் எல்லோருடைய கடவுச்சொல்லும் என்னிடம் உண்டு. டோன்யா ஒதிலியாவின் பெயரில் உள்ளே நுழைந்தேன். விஷயம் தெரிந்தவரே எழுதியதாக இருக்க வேண்டும் என்பது பனாமாக்காரர்களின் விதி, விதியை நான் மீறவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டங்களையும் நிரப்பினேன். கோல் விழும்போதெல்லாம் பக்கத்து வீடுகளில் சத்தம் கேட்கும். அப்போது ஒரு நிமிஷம் நிறுத்தி விரலை நீவிக்கொள்வேன்.

ஏனோதானோ என்று செய்ததாக நினைக்காதீர்கள். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். எதையும் ஆற்றுக்குள்ளோ காப்பித் தோட்டத்தின் நடுவிலோ வைக்கவில்லை. ஊர் சரியாக இருக்கும், சாலை இருக்கும், வண்டி திரும்ப இடம் இருக்கும். ஒரு பெயருக்கு இரண்டு இடம் பொருந்தும் போலிருந்தால் ஆம்புலன்ஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தேன். வண்டி சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்ற நல்லெண்ணம்தான். கம்ப்யூட்டர், பட்டியலில் உள்ள புள்ளியை வண்டி தொட்டதும் போய்ச் சேர்ந்ததாகக் குறித்துக்கொள்ளும். டிசம்பர் கணக்கு வந்தபோது சராசரி நேரம் பதினான்கு நிமிஷத்திலிருந்து பதினொன்றாகக் குறைந்திருந்தது. பனாமாவிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

அதற்கு முன்பே, ஐந்தாம் தேதி, டோன்யா ஒதிலியாவை வழியனுப்பினோம். பால் கேக் வெட்டினோம். நான் பேசினேன், என் குரல் உடைந்தது, அது நடிப்பில்லை. அவர் கேக்கைத் தொடவில்லை. என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அந்த முந்நூத்திப் பன்னெண்டும்?"

"அதையெல்லாம் குவாத்தமாலாப் பிள்ளைங்க பார்த்துக்குவாங்க."

"காலியாத்தானே இருக்கு?"

"நீங்க நிம்மதியா இருங்க, டோன்யா ஒதிலியா," என்றேன்.

நிம்மதியாக இருக்கவில்லை. ஜனவரி மூன்றாவது வாரம் அலுவலகத்துக்கு வந்தார். வெயிலில் அலைந்து கறுத்திருந்தார், செருப்பு பின்பக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தது. பையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் நோட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். மீதியிருந்த எல்லா இடங்களுக்கும் போய் வந்திருந்தார். சொந்தச் செலவில், ஏழு வாரம். ஒவ்வொரு பெயருக்கும் அரைப் பக்கம். எந்த பஸ் நிறுத்தம், என்ன மரம், இப்போது அங்கே என்ன இருக்கிறது, மழையில் எந்தப் பாதை மூடும். முந்நூற்றுப் பன்னிரண்டும் இருந்தது.

"இப்ப காலிக் கட்டத்துல இதை ஏத்திடுங்க. நான் நிம்மதியா வீட்ல உக்காந்துக்கறேன்," என்றார்.

நன்றி சொன்னேன். வெல்லத் தண்ணீர் சூடாக வரவழைத்துக் கொடுத்தேன். வாசல் வரை கூட நடந்தேன். நோட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கட்டங்கள் காலியாக இல்லை. நோட்டில் உள்ளதை ஏற்றினால் முந்நூற்றுப் பன்னிரண்டு திருத்தம். ஐம்பதைத் தாண்டினால் ஒப்பந்தம் போயிற்று. அதுவரை நூற்று எழுபது பேரை வேலைக்கு எடுத்திருந்தேன், இருந்தவர்களோடு சேர்த்து முந்நூற்றுப் பத்துக் குடும்பம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. மார்ச் ஆறாம் தேதி சோதனைக் காலம் முடியும், ஏழாம் தேதி காலையில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். நாட்காட்டியில் ஏழாம் தேதியைச் சுற்றி வட்டம் கூடப் போட்டேன். சோதனையிட வந்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள்.

ஐம்பது வரை அனுமதி உண்டே, ஐம்பதையாவது திருத்தியிருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் கேட்கிறார். நல்ல கேள்வி. எந்த ஐம்பது என்று யார் முடிவு செய்வது? அந்தப் பாரத்தை ஒரு தனிமனிதன் சுமக்க முடியாது என்று நினைத்தேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி சான் இசித்ரோவில் டோன் எலியெசெர் இறந்தார். எழுபத்தோரு வயது, இதயம். வண்டி வேறொரு சரிவில் நாற்பது நிமிஷம் சுற்றியது. இருபதாம் தேதி சான் ஹொவக்கீனில் இன்னொருவர். இரண்டும் உங்கள் கோப்பில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் நிறுவனம் விளக்கம் கேட்டது. அந்த இரண்டு இடத்தையும் பட்டியலில் எழுதியது யார் என்று கம்ப்யூட்டர் காட்டும் தாளை அனுப்பி வைத்தேன். அதில் டோன்யா ஒதிலியாவின் பெயர் இருந்தது. நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. வேலை போகப் போகிற ஆத்திரத்தில் வேண்டுமென்றே தப்பாக எழுதியிருப்பார் என்று யூகித்தது அவர்கள். அதை நம்பிக் கைது செய்தது நீங்கள். நோட்டைக் கொடுத்தேன், கேட்டுப் பாருங்கள் என்று அவர் உங்களிடம் அழுதாராம். ஏப்ரலில் நீங்கள் தொலைபேசியில் கேட்டபோது, அப்படி எதையும் பார்த்ததாக நினைவில்லை என்றேன். நினைவு என்பது அந்த நேரத்து மனநிலையைப் பொறுத்தது.

உங்கள் கோப்பில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இறந்தவர்கள் இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேர்.

மார்ச் ஆறு, சோதனைக் காலத்தின் கடைசி நாள். சமானியெகோ நேரில் வந்திருந்தார். குவாத்தமாலாவில் எடுக்கும் அழைப்புகளை இங்கிருந்தே காதில் மாட்டிக் கேட்கலாம். தரம் பார்ப்பதற்காக எல்லா நிறுவனத்திலும் செய்வதுதான். அவருக்கு ஒரு காதுக் கருவி, எனக்கு ஒன்று. காலை பதினொன்றே காலுக்கு ஓர் அழைப்பு வந்தது. எடுத்தது வெண்டி.

"என் சம்சாரத்துக்கு மூச்சு வாங்க முடியல. சான்ட்டா பார்பரா, பழைய சுண்ணாம்புச் சூளைலேருந்து நூத்தம்பது மேற்கே, நீலச் சுவர்."

"பதறாதீங்க ஐயா. இடம் கிடைச்சிருச்சு. வண்டி கிளம்புது."

"பாலத்தத் தாண்டி மேல வரணும்னு சொல்லுங்கம்மா, எல்லாரும் கீழயே தேடுவாங்க."

"எங்ககிட்ட எல்லாம் பதிவாகியிருக்கு ஐயா. நீங்க அவங்க பக்கத்துல இருங்க."

சுண்ணாம்புச் சூளையை நான் பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில், பெரிய சாலையில் வைத்திருந்தேன். உண்மையில் அது நாலு கிலோமீட்டர் மேலே, பாலம் தாண்டி, பள்ளி மைதானத்துக்குப் பின்னால். பாதிச் சுவர் இன்னும் நிற்கிறது என்று டோன்யா ஒதிலியா எழுதியிருந்தார். முந்தைய வாரம்தான் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தேன். அவர் கையெழுத்து அழகாக இருக்கும், சில நாள் எடுத்துப் படிப்பது வழக்கம்.

என் முன்னால் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திப் பேசினால் அழைத்தவருக்குக் கேட்காமல் வெண்டிக்குக் கேட்கும். பாலத்தைத் தாண்டி மேலே, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். விரலை அதன்மேல் வைத்தேன். சமானியெகோ என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பரவாயில்லையே என்கிற மாதிரி. நான் பேசினால் அது அவர் காதிலும் விழும். ஏன் என்று கேட்பார். என்ன பதில் சொல்வது? விரலை எடுத்துவிட்டேன்.

அழைப்பு ஒரு நிமிஷம் நாற்பது விநாடியில் முடிந்தது. "அருமை," என்றார் சமானியெகோ. நன்றி என்றேன். பிறகு சாப்பிடப் போனோம். மூன்று மாதத்தில் முதல் முறையாகத் தட்டைக் காலி செய்தேன். சாப்பிட்டு வந்து அவர் கையெழுத்துப் போட்டார். யாரோ கை தட்டினார்கள், அறை முழுக்கத் தட்டியது. யொர்லெனி கைக்குழந்தையோடு வந்திருந்தாள், என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அத்தனை பேரைக் கரை சேர்த்துவிட்டேன் என்ற நிறைவு.

மூச்சு முட்டிய அந்தப் பெண்ணின் பெயர் நொயெமி. முப்பத்தாறு வயது, ஆஸ்துமா. வண்டி போய்ச் சேர ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆனது. அவள் இறந்த ஒன்பதாம் நாள் ஜெபத்துக்குப் போனேன். போகாமல் இருப்பது முறையல்ல என்று பட்டது. வீடு தெரியாதே என்று நோட்டை எடுத்துக்கொண்டேன். அதில் எழுதியிருந்தபடியே ஓட்டினேன். ஆம்புலன்ஸ் நிலையத்தின் வாசலிலிருந்து ஏழு நிமிஷம். வழியில் ஓர் ஆளைக் கூட நிறுத்திக் கேட்கவில்லை.

கணவர் எனக்கு இலையில் கட்டி அவித்த தமாலும் காப்பியும் கொடுத்தார். ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன் என்று சொன்னேன், மறைக்கவில்லை. "உங்க மேல வருத்தமில்ல, டோன். எங்க பாதை அப்படி. கேஸ் சிலிண்டர் கொண்டு வர்றவனே வழி தப்பிப் போவான். ஆண்டவன் சித்தம்," என்றார். அவர் புகார் கொடுக்கவில்லை. அதனால்தான் உங்கள் கோப்பில் அவள் இல்லை. அவருக்கு நான் கை கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மனதில் இருந்த அமைதியைக் கலைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஏழாம் தேதி ஏன் ஏற்றவில்லை என்பது உங்கள் அடுத்த கேள்வி. ஏழாம் தேதி திருத்தினால், ஆறாம் தேதி வரை தப்பாக இருந்தது என்று எனக்குத் தெரியும் என்றாகிவிடும். புதுக் கையெழுத்து, மை கூடக் காயவில்லை. கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு அந்த இரண்டு சாவும் உங்களிடம் வந்துவிட்டன. விசாரணை நடக்கும்போது ஆவணத்தில் கை வைப்பது சட்டப்படி குற்றம். ஆகவே அந்த முந்நூற்றுப் பன்னிரண்டும் நான் வைத்த இடத்தில்தான் இன்னும் இருக்கின்றன, இந்த நிமிஷம் வரை. மேலும் எல்லாவற்றிலும் ஆபத்து வருவதில்லை. அந்த இடங்களிலிருந்து வாரத்துக்கு இரண்டு அழைப்பு, அவ்வளவுதான். இன்று வியாழன். இந்த வாரம் ஒன்றுதான் வந்திருக்கிறது.

டோன்யா ஒதிலியாவை விட்டுவிடுங்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் நான்தான் எழுதினேன், அவர் பெயரில், அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு. உண்மையான வழி கையில் இருக்கும்போதே பொய்யை அங்கே விட்டு வைத்தேன். மூன்று பேர் சாகும் வரை விட்டு வைத்தேன். இவ்வளவு தெளிவாக யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இழுப்பறையில் இல்லாத நோட்டு இப்போது எங்கே என்று மூன்றாம் தடவையாகக் கேட்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் முதல் பக்கத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டும். இரண்டு போலீஸ்காரர்கள் என்னை வீட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். இங்கே வரத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டுத் தானாகவே வந்தார் என்று எழுதுங்கள். எழுதி, படித்துக் காட்டி, முத்திரை வைத்த பிறகு நோட்டு இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் புதுத் தாளில் எழுதினால் நன்றாக இருக்கும். நிதானமாகவே எழுதுங்கள் வக்கீலம்மா, அவசரம் ஒன்றும் இல்லை.